பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: கடைக்குப் போகுமுன் மூடியைத் திறந்து பாருங்கள்!

பகலில் கோட்டைப் பகுதி ஆபீசில் குமாஸ்தா வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டு வரைபடம், கடை அலங்காரப் படம், கலியாணப் பத்திரிகை என்று ஏதாவது ஒரு கைவேலை. மும்பையில் இப்படிக் குடும்பம் நடத்தும் தமிழர்கள் பலர் உண்டு. மாதச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடுகிறது. பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுப்பது இந்த ராத்திரி வேலைதான்.

இவர்களுக்குப் பளபளக்கும் புதுக் கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது. பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்ததும் கழித்துப் போடும் "ஒர்க் ஸ்டேஷன்" கம்ப்யூட்டர்கள் மலிவாக வருகின்றன. கனமான இரும்புப் பெட்டி, நல்ல பவர் சப்ளை, "சியான்" என்ற உழைப்பாளி பிராசசர். பத்து வருடத்துக்கு மேல் ஆனாலும் சளைக்காமல் ஓடும். அவற்றில் முதலில் கிழவனாகிப் போவது "கிராபிக்ஸ் கார்டு" எனப்படும் படம் காட்டும் அட்டைதான்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சயான் கோலிவாடாவில் குடியிருப்பு. கட்டடக் காண்டிராக்டர் ஒருவருக்கு "ஆட்டோகேட்" வரைபடம் போட்டுக் கொடுக்கிறார். வீட்டில் இருப்பது 2012-ல் வந்த எச்.பி. இசட் 420. அதனுள்ளே "குவாட்ரோ 600" என்ற 1 ஜி.பி. கார்டு. தட்டையான வரைபடம் வரைகிற வரையில் தொல்லை இல்லை. காண்டிராக்டர் இப்போது முப்பரிமாணப் படம் கேட்கிறார். சமையலறையைத் திரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதற்குள் கம்ப்யூட்டர் உறைந்து போகிறது. "அடுத்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். கையில் ஒதுக்கி வைத்திருப்பது பத்தாயிரம் ரூபாய். அதைத் தப்பான கார்டில் போட்டுவிட்டால் அடுத்த பத்தாயிரம் சேர்க்க அரை வருடம் ஆகும்.

அவர் அவசரத்தில் லாமிங்டன் ரோடுக்குக் கிளம்பப் பார்க்கிறார். பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் திருநெல்வேலிப் பையன் தடுக்கிறான்.

"அண்ணாச்சி, பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?"

"எதுக்குடே? கடைக்காரனுக்குத் தெரியாதா?"

"கடைக்காரன் கார்டைப் பார்த்திருப்பான் அண்ணாச்சி. உங்க பெட்டியைப் பார்த்திருக்க மாட்டானே."

பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கரண்டு கணக்கு

கிராபிக்ஸ் கார்டு உட்காரும் நீளமான துவாரத்துக்கு "பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 16" என்று பெயர். நல்ல வேளையாக இதில் பழையது புதியது என்ற ஜாதி வித்தியாசம் கிடையாது. 2.0, 3.0, 4.0 என்று தலைமுறைகள் மாறினாலும் புதுக் கார்டு பழைய துவாரத்தில் உட்காரும். வேகம் மட்டும் இரண்டில் எது குறைவோ அதற்கு இறங்கி நிற்கும். ஆகவே "இது 4.0 கார்டு, உங்கள் போர்டில் வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

தகராறு வருவது மின்சாரத்தில். துவாரம் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தின்னும் கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். 6 முனை கொண்ட ஒயர் இன்னொரு 75 வாட் தரும். 8 முனை ஒயர் 150 வாட் தரும். கார்டின் விளிம்பில் எத்தனை முனைப் பொருத்து இருக்கிறது என்று பார்த்தாலே அதன் பசி தெரிந்துவிடும்.

இசட் 420-ல் 600 வாட் பவர் சப்ளை உள்ள பெட்டியானால் 6 முனை ஒயர் இரண்டு இருக்கும். 8 முனை ஒயர் கிடையாது. உங்கள் பெட்டி வேறு மாடலாக இருக்கலாம். அதே மாடலே குறைந்த வாட் பவர் சப்ளையோடும் வந்திருக்கலாம். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, உள்ளே தொங்கும் ஒயர்களை எண்ணிக்கொள்ள வேண்டும். செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

"ஒயர் இல்லாவிட்டால் என்ன, கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன்" என்று கடையில் ஒரு சின்ன ஒயரை எடுத்து நீட்டுவார்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் "சாட்டா" ஒயரிலிருந்து மின்சாரம் இழுக்கும் வித்தை இது. அந்த சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதிலிருந்து 75 வாட்டோ 150 வாட்டோ உறிஞ்சினால் முனை சூடேறி உருகும்; தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. சாயங்காலம் போட்டுவிட்டு, ராத்திரி பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே ஓடவிடுகிற கம்ப்யூட்டர் இது. அந்த ஒயர் வேண்டவே வேண்டாம்.

பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்றால், அதுவும் எளிதல்ல. ஒர்க் ஸ்டேஷன் கம்பெனிகள் தங்கள் பவர் சப்ளைக்குத் தனி வடிவமும் தனி முனைகளும் வைத்திருக்கின்றன. இசட் 420-ம் அப்படித்தான். சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை அதில் நேராகப் பொருந்தாது. இருக்கிற மின்சாரத்துக்குள் அடங்கும் கார்டைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

"4 ஜி.பி." என்ற மாய வார்த்தை

கார்டு விற்கிறவர்கள் முதலில் சொல்வது ஜி.பி. கணக்கு. "உங்களிடம் இருப்பது 1 ஜி.பி., இது 4 ஜி.பி., நாலு மடங்கு!" என்பார்கள். காதுக்கு இனிமையாக இருக்கும். இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள்.

மெமரி எவ்வளவு என்பது குடத்தின் அளவு. அந்த மெமரியிலிருந்து விநாடிக்கு எவ்வளவு விவரம் ஓடிவருகிறது என்பது குழாயின் அகலம். குடம் பெரிதாக இருந்து குழாய் ஊசி முனையாக இருந்தால் என்ன பயன்? ஆட்டோகேட் 2021 பதிப்பை எடுத்துக்கொண்டால், குறைந்தபட்சம் 1 ஜி.பி. மெமரியும் விநாடிக்கு 29 ஜி.பி. ஓட்டமும் கேட்கிறது. சிபாரிசு செய்வது 4 ஜி.பி. மெமரி, 106 ஜி.பி. ஓட்டம்.

நம் நண்பரின் குவாட்ரோ 600-ன் ஓட்டம் 25.6 ஜி.பி.தான். குறைந்தபட்சத்தையே அது எட்டவில்லை. திரை உறைந்து போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கடையில் மலிவாக நீட்டப்படும் "ஜிடி 730" 4 ஜி.பி. கார்டில் டி.டி.ஆர். 3 மெமரியும் 64 பிட் பாதையும் கொண்ட வகை ஒன்று இருக்கிறது. அதன் ஓட்டம் 14.4 ஜி.பி.! பழைய கார்டைவிடக் குறுகிய குழாய். பெட்டியின் மேல் 4 என்ற எண் மட்டும் பெரிதாக அச்சாகியிருக்கும்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். "ஜிடி 1030" என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. முதலில் வந்ததில் ஜி.டி.டி.ஆர். 5 மெமரி, ஓட்டம் 48 ஜி.பி. 2018-ல் வந்ததில் டி.டி.ஆர். 4 மெமரி; ஓட்டம் 16.8 ஜி.பி. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, சரக்கு வேறு. பொடி எழுத்தைப் படிக்காமல் பணம் கொடுப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

எந்தக் கார்டு?

தனி ஒயர் கேட்காமல் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகளில் தேறுகிறவை சில உண்டு. 2016-ல் வந்த "ஜிடிஎக்ஸ் 1050 டி.ஐ." பல வருடம் ஏழைகளின் தோழனாக இருந்தது. 4 ஜி.பி. மெமரி, 112 ஜி.பி. ஓட்டம். ஆனால் அதைத் தயாரித்த என்விடியா கம்பெனி அந்தத் தலைமுறைக்கான வழக்கமான புது டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. கொள்ளை மலிவாகக் கிடைத்தாலன்றி இனி அதில் புதிதாகப் பணம் போடுவதற்கில்லை.

2019-ல் வந்த "ஜிடிஎக்ஸ் 1650" அதற்கு அடுத்த படி. 4 ஜி.பி. மெமரி, 128 ஜி.பி. ஓட்டம், 75 வாட். 6 முனை ஒயர் கேட்கும் தயாரிப்புகளும், கேட்காத தயாரிப்புகளும் இதில் உண்டு; எது என்று பார்த்து வாங்கவேண்டும். இதே சில்லை வைத்து ஒர்க் ஸ்டேஷனுக்கென்றே வந்தது "டி 1000". 50 வாட் போதும். ஒரே துவாரத்தின் அகலம். குள்ளமான பெட்டியிலும் நுழையும். வரைபட சாப்ட்வேர் கம்பெனிகளின் அத்தாட்சி பெற்ற கார்டு வகை என்பதால் ஆபீஸ்காரர்கள் இதை விரும்புகிறார்கள். வீட்டில் ராத்திரி வேலை பார்ப்பவருக்கு அந்த அத்தாட்சி அத்தியாவசியம் அல்ல.

கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிந்தவர்கள் 2024-ல் வந்த "ஆர்டிஎக்ஸ் 3050" 6 ஜி.பி. வகையைப் பார்க்கலாம். அது 70 வாட். அதே பெயரில் உள்ள 8 ஜி.பி. வகை 130 வாட் தின்பது. தனி ஒயர் கேட்கும். இங்கும் பெயரைக் கேட்டு மயங்கக்கூடாது.

பழைய கம்ப்யூட்டருக்கு ஆகாதவையும் உண்டு. ஏ.எம்.டி. கம்பெனியின் "ஆர்எக்ஸ் 6400" 53 வாட்தான், தனி ஒயர் வேண்டாம் என்றதும் ஆசை வரும். 16 பாதை உள்ள துவாரத்தில் அது 4 பாதையை மட்டுமே உபயோகிக்கிறது. புது 4.0 போர்டில் இது பெரிய குறை அல்ல. 3.0 போர்டில் போக்குவரத்து பாதியாகிவிடும். 2009-ல் வந்த டெல் பிரிசிஷன் டி 3500 போன்ற 2.0 போர்டில் கால்வாசியாகிவிடும். அதேபோல இன்டெல் கம்பெனியின் "ஆர்க்" கார்டுகள் "ரீசைசபிள் பார்" என்ற வசதியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பழைய ஒர்க் ஸ்டேஷன்களில் அது இல்லாததால் அந்தக் கார்டுகள் தங்கள் முழு பலத்தைக் காட்டமாட்டா.

டி 3500 போன்ற மிகப் பழைய பெட்டிகளில் இன்னொரு சிக்கல். அவை "யு.இ.எப்.ஐ." வருவதற்கு முந்திய "பயாஸ்" முறையில் எழுந்து நிற்பவை. புதுக் கார்டுகள் சில அதோடு ஒத்துப்போகாமல் திரையை இருட்டாகவே வைத்துவிடும். அதே மாடல் கம்ப்யூட்டரில் அதே கார்டைப் போட்டு ஓட்டியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால் பழைய கார்டு உள்ளே இருக்கும்போதே, கரண்டு போகாத நேரமாகப் பார்த்துச் செய்துவிட வேண்டும்.

கார்டு மட்டும் போதுமா?

சில புது சாப்ட்வேர்கள் பிராசசரில் "ஏ.வி.எக்ஸ். 2" வசதி வேண்டும் என்கின்றன. இன்டெல்லில் அது 2013-ல் வந்த "ஹாஸ்வெல்" தலைமுறையிலிருந்துதான் உண்டு. இசட் 420-ன் பிராசசர்கள் அதற்கு முந்தியவை. எவ்வளவு உயர்ந்த கார்டு போட்டாலும் இந்தக் குறை தீராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் அங்கீகரித்த பட்டியலில் இந்தப் பழைய சியான்கள் இல்லை. கம்ப்யூட்டருக்குக் கொடுத்த விலையைவிடக் கார்டுக்கு அதிகம் கொடுப்பது, ஒழுகும் வீட்டுக்குப் பளிங்குத் தரை போடுகிற கதை. நம் நண்பர் உபயோகிக்கும் ஆட்டோகேட் பதிப்பு பழையது. அது ஓடுகிற வரையில் அவருக்கு 1650 போதும்.

லாமிங்டன் ரோடில்

சயானில் ஏறி, தாதரில் மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடில் இறங்கவேண்டும். ஸ்லோ வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பாஸ்ட் வண்டி கிராண்ட் ரோடில் நிற்காது. ரோட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் புரியாது!

புதுச் சரக்கானால் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கக்கூடாது. "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். நாளைக்கு வாரண்டி கேட்டுப் போகும்போது அந்தப் பில்தான் கேட்கப்படும். பில்லில் கார்டின் சீரியல் நம்பரும் இருக்கட்டும்.

பழைய சரக்கானால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். "எத்தீரியம்" என்ற மின்னணு நாணயத்தைக் கார்டுகளைக் கொண்டு தோண்டி எடுக்கும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் "பி 106-100" என்று ஒன்று. பார்வைக்குக் கிராபிக்ஸ் கார்டுதான். ஆனால் மானிட்டர் ஒயர் செருகும் துவாரம் ஒன்றுகூடக் கிடையாது, தோண்டுவதற்கென்றே செய்தது. விலை மலிவாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

போலிகளும் உண்டு. பழைய "ஜிடிஎக்ஸ் 550 டி.ஐ." கார்டின் உள் எழுத்தை மாற்றி "1050 டி.ஐ." என்று கம்ப்யூட்டரையே நம்பவைத்து விற்றிருக்கிறார்கள். "ஜி.பி.யூ. இசட்" என்ற இலவசச் செயலி இந்தப் புரட்டைக் கண்டுபிடித்துப் போலி என்று காட்டிவிடும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே கார்டைச் செருகி, இந்தச் செயலியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கால் மணி நேரம் கனமான முப்பரிமாணப் படம் எதையாவது ஓடவிடுங்கள். திரையில் கோடு, புள்ளி, கட்டம் விழுந்தாலோ, காற்றாடி கரகரத்தாலோ வேண்டாம் என்று எழுந்துவிடலாம். "டைம் இல்லை பாய்" என்கிற கடைக்காரரிடம் வாங்கவேண்டியதில்லை. அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

வீட்டில் ராத்திரி

நம் நண்பர் 1650 ஒன்றை, தனி ஒயர் கேட்காத வகையாகவே பார்த்து, சோதித்து வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் கரண்டு ஒயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு தரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினார். எல்லாம் முறைப்படி. மானிட்டர் ஒயரைச் செருகப் போனார். செருக முடியவில்லை!

மானிட்டர் பழையது, நீல முனை உள்ள வி.ஜி.ஏ. ஒயர். இத்தனை வருடம் குவாட்ரோ 600-ன் டி.வி.ஐ. துவாரத்தில் ஒரு சின்ன முனை மாற்றியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய டி.வி.ஐ. துவாரத்தில் வி.ஜி.ஏ. சைகையும் கலந்து வந்தது. புதுக் கார்டின் டி.வி.ஐ. துவாரத்தில் அது வருவதில்லை. அந்த முனைகளுக்கான ஓட்டையே இல்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும், உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். மலிவான சாமான்தான். ராத்திரி பத்து மணிக்கு எங்கே போவது? கார்டு வாங்குகிற அன்றே மானிட்டரின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்திருந்தால் ஒரு ராத்திரி வீணாகியிருக்காது. டி 1000 வாங்குகிறவர்களுக்கு அதில் இருப்பது "மினி டிஸ்ப்ளே போர்ட்" மட்டுமே. அதற்கேற்ற முனை மாற்றியையும் சேர்த்தே கேட்டு வாங்கவேண்டும்.

மறுநாள் ஆபீசிலிருந்து வரும்போது கன்வெர்ட்டரோடு வந்தார். பொத்தானை அழுத்தினார், திரை விழித்தது. இசட் வகைக் கம்ப்யூட்டர்களில் ஏதாவது கோளாறு என்றால் பவர் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். 6 தரம் சிமிட்டினால் கிராபிக்ஸ் கார்டு சரியாக உட்காரவில்லை அல்லது பழுது; 4 தரம் சிமிட்டினால் மின்சாரக் கோளாறு. அவருக்கு இரண்டும் வரவில்லை. புது டிரைவரை ஏற்றியதும், சமையலறை திரையில் தங்குதடையில்லாமல் சுற்றியது. காண்டிராக்டருக்குப் படம் அன்று ராத்திரியே போயிற்று.

பழைய குவாட்ரோ 600-ஐ எடைக்குப் போட்டுவிடலாமா என்று வீட்டம்மா கேட்டார். போடக்கூடாது. அந்த சியான் பிராசசர்களுக்குச் சொந்தமாகப் படம் காட்டும் சக்தி கிடையாது. புதுக் கார்டு ஒரு நாள் படுத்துவிட்டால் திரை முழு இருட்டு. அப்போது கோளாறு கார்டிலா போர்டிலா என்று கண்டுபிடிக்கப் பழைய கார்டு ஒன்று கைவசம் வேண்டும். ஒரு காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.